கொமுகியின் சாயத்துண்டு

பிப்ரவரி 10, திங்கள்
சலூனுக்கு விடுமுறை. கத்தரி பிடிக்காத கை நமநமக்கிறது. மினோரி வந்தாள். மேடையில் உட்கார்ந்து சிரிப்புக் கதை சொல்லக் கற்கப்போய், இத்தனை வருடம் குருவுக்குத் தேநீர் ஊற்றிய என் மகள் அடுத்த மாதம் முதல் தனி ஆள். குரு வைத்த மேடைப்பெயர் கொமுகி. அந்தப் பெயர் போட்ட சாயத்துண்டை அவள் பெரியவர்களுக்கும் ரசிகர்களுக்கும் கொடுக்க வேண்டும். அது அவர்கள் வழக்கம்.
"பேரை நீங்க எழுதித் தாங்கப்பா."
"என் எழுத்தா? கோழி கிளறின மாதிரின்னு வாத்தியாரே சொல்லியிருக்காரு."
"நம்ம வீட்டுக் கோழிதானே, கிளறட்டும்."

பிப்ரவரி 13
ஒரு கட்டுத் தாள் பாழ். தேறியது இரண்டு. இரண்டையும் சாயப்பட்டறையில் கொடுத்தேன். மெல்லிய தாள். மை பின்பக்கமும் தெரிந்தது.

மார்ச் 10, திங்கள்
பட்டறைக்குப் போனேன். உயரக் கம்பத்திலிருந்து நீளத் துணி தொங்குகிறது. நீலத்தில் வெள்ளையாக என் எழுத்து. முதல் கொமுகி நேராக இருந்தாள். அடுத்தவள் கண்ணாடியில் தெரிவதுபோல் புரண்டு கிடந்தாள். அடுத்தது நேர். அடுத்தது மறுபடியும் —
ஒரு தாளைப் பின்பக்கம் மேலாகக் கொடுத்துத் தொலைத்திருக்கிறேன்! பாதித் துண்டு பாழ். இருபத்தொன்றாம் தேதி மேடை. புதிதாகச் செய்ய ஏது நேரம்? முதல் நாளே பிள்ளையை ஊர் சிரிக்கப்போகிறது.
யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல் ஓடிவந்துவிட்டேன். கேட்டா என்னடா? பயம், வேறென்ன.

மார்ச் 11
மனைவியிடம் சொன்னேன்.
"காலம் பூரா கண்ணாடியவே பாத்துக்கிட்டு நிக்கிறீங்க. வேற எப்படி எழுதுவீங்க?" என்றாள் கசுயோ. பிறகு, "அவகிட்ட நீங்களே சொல்லிருங்க."
சொல்லவில்லை.

மார்ச் 14
மினோரியே துண்டு மூட்டையோடு வந்தாள். மன்னிப்புக் கேட்டு முடிப்பதற்குள் தரையில் உருண்டு சிரித்தாள்.
"அப்பா, துணிய விசிறி மடிப்பா அடுக்கித்தான் சாயம் ஊத்துவாங்க. ஒரு மடிப்பு முகம் மேல, அடுத்தது முதுகு மேல. சாயம் அந்தப் பக்கம் வரைக்கும் இறங்கிடும். வெட்டினதும் திருப்பிப் போட வேண்டியதுதான்!"
திருப்பினேன். நேர். இன்னொன்று. நேர். எல்லாமே நேர்!
"அப்போ முதுகுன்னு ஒண்ணு கிடையாதா?"
"சாயத்துண்டுக்குக் கிடையாது. உங்களுக்குத்தான் மூளை பின்பக்கம் இருக்கு."
வாழ்நாள் முழுக்கச் சாயத்துண்டில்தான் முகம் துடைத்திருக்கிறேன். ஒருநாளும் திருப்பிப் பார்த்ததில்லை. இன்று இரண்டு கிண்ணம் சோறு இறங்கியது.

மார்ச் 21
சிரித்தார்கள். கதைக்கு.

மார்ச் 25
புது ஆள் ஒருவர் முடிவெட்ட வந்தார். கழுத்தில் நீலத்துண்டு.
"பாத்துக் கழட்டுங்க. கொமுகின்னு ஒரு பொண்ணு கொடுத்தது. என்ன எழுத்து பாருங்க, குடிச்சிட்டு எழுதின மாதிரி!"
"ஆமாங்க, படுமோசம்," என்றேன். அவருக்குக் கடைசிவரை சொல்லவே இல்லை. முடியை மட்டும் மாப்பிள்ளைக்கு வெட்டுவதுபோல் வெட்டிவிட்டேன்.