கயிற்றை நான் அறுத்த இடம்

என் பிரியமுள்ள சூசை மச்சானுக்கு,

உம்மைக் கடல் கொண்டுபோய் மூன்று ஐப்பசி ஆகிவிட்டது. நான் சுகமாக இருக்கிறேன் என்று எழுதினால் நீர் சிரிப்பீர். புன்னைக்காயலில் எல்லாரும் இருக்கிறார்கள். உம் மகள் மரியாளுக்கு முன்பல் விழுந்து முளைத்திருக்கிறது. நான்தான் ஆழக்கடலுக்குப் போகப் பயந்து, சாளை மீன் வலையோடு கரையையே சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

வலை இழுக்கும்போது கயிறு சட்டென்று கனத்தால், மறுபக்கம் நீர்தான் பிடித்திருக்கிறீர் என்று தோன்றிவிடுகிறது. கையை விட்டுவிடுகிறேன். கூட இழுக்கிறவர்கள் வாய்க்கு வந்தபடி திட்டுகிறார்கள்.

ஆற்றில் வெள்ளம் வந்து கழிமுகம் கலங்கினால் சோறு இறங்குவதில்லை. கலங்கலைத் தேடித்தானே சுறா கரைக்கு நெருங்கும்? அன்றும் அப்படித்தான். நான் பிடித்துக் கொடுத்த விலாங்கை ரத்தம் காயுமுன் துண்டு போட்டுத் தூண்டில் முள்ளில் குத்தினீர். "பழைய இரையைச் சுறா மோந்துகூடப் பாக்காதுலே. ஒன்னவிட அதுக்கு வாய் ருசி கூடுதல்" என்றீர். நீர் என்னைக் கடைசியாகக் கேலி செய்தது அதுதான்.

கட்டுமரத்து வழக்கம் உமக்குத் தெரியாததா? கயிறு பிடிக்கிறவனுக்கு இரண்டு கையும் வேலை. அதனால் கத்தி பின்னால் இருக்கிறவனிடம். முன்னால் இருக்கிறவன் "அறு" என்றால் அறுக்க வேண்டும், கேள்வி கேட்கக் கூடாது. அன்று கத்தி என்னிடம் இருந்தது.

சுறா இழுத்த வேகத்தில் கயிறு உம் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டது. தண்ணீரில் விழுந்தீர். கயிற்றின் ஒரு தலை மரத்தில் கட்டியிருந்தது, மறு தலை சுறாவிடம். நடுவில் நீர். "அறுலே" என்று கத்தினீர். சுறாப் பக்கம் அறுத்திருக்க வேண்டும். நாலடி தவழ்ந்து குனிந்திருந்தால் கைக்கு எட்டியிருக்கும். மரம் ஒருபக்கமாக முங்கியது. நான் மரத்தோடு இருந்த கயிற்றை, உம்மைப் பிடித்து வைத்திருந்த கயிற்றை, அறுத்துவிட்டேன். பிறகு குதித்துத் தேடி என்ன பயன்?

பதற்றத்தில் பக்கம் மாறி அறுத்தேனா, நானும் செத்துப்போவேன் என்று பயந்து அறுத்தேனா? மச்சான், உமக்காவது தெரியுமா?

கரைக்கு வந்து, கயிறு அறுந்துவிட்டது என்றேன். ஊர் நம்பியது. என் தங்கச்சி, உம் ரோசம்மாள், அதற்கு மேலும் நம்பினாள். கொழும்புக்குப் போகிற தோணி ஏதாவது உம்மைத் தூக்கிக்கொண்டு போயிருக்கும் என்றாள். தாலியைக் கழற்றவில்லை. தோணி வரும்போதெல்லாம் கரையில் போய் நின்று விசாரித்தாள். நான் வாயைத் திறக்காமல் பக்கத்தில் நின்றேன். வெட்கங்கெட்டவன்.

போன வாரம் துணிமணியை மூட்டை கட்டிவிட்டாள்.

"மரியாளையும் கூட்டிக்கிட்டுக் கொழும்புக்குப் போவுதேண்ணே. அங்கன போய்த் தேடினாத்தான் ஆள் கிடைப்பாரு. நாளைக்குத் தோணி."

அப்போதுதான் சொன்னேன். கத்தி என்னிடம் இருந்ததை, எந்தப் பக்கம் அறுத்தேன் என்பதை, எல்லாவற்றையும். அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் மூட்டையை அவிழ்த்துத் துணிகளை ஒவ்வொன்றாகக் கொடியில் போட்டாள். தாலியைத் தானே கழற்றினாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"கயித்த அறுத்ததும் அவரு ஒன்னப் பாத்தாராண்ணே?"

"இல்லம்மா. அதுக்குள்ள தண்ணிக்குள்ள போயிட்டாரு."

நீர் பார்த்தீர், மச்சான். நான் எதை அறுத்தேன் என்று தெரிந்துகொண்டுதான் பார்த்தீர். என் மூச்சு இருக்கும்வரை ரோசம்மாளுக்கும் மரியாளுக்கும் கஞ்சிக்குக் குறை வராது. ஆனால் நீர் என்னைப் பார்த்ததை மட்டும் அவளிடம் ஒருநாளும் சொல்லமாட்டேன். இது உம்மேல் சத்தியம்.

உம் பெண்டாட்டியின் அண்ணன்,
உம் மச்சினன்,
சவேரி