தொண்ணூற்றொன்பது மணி நேரம்

டுலூத்,
ஏப்ரல் 9

அன்பு மகன் நீல்ஸுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், மனதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். நீயும் தோவாவும் பிஞ்சு அனிகாவும் அந்த அலாஸ்காக் குளிரில் நலமாயிருக்க ஆண்டவர் துணை. குழந்தையைத் தூக்குகிறவர்கள் யாரானாலும் தலை நிற்கும்வரை பிடரியில் கை கொடுக்கச் சொல். ஏரியில் பனி உடைந்து முதல் கப்பல் போன வாரம் வந்துவிட்டது, பாலத்தடியில் அது ஊதினதும் வழக்கம்போல் உன் நினைப்புதான். சர்ச் விருந்துக்கு நான் கொண்டுபோன ஹாட்டிஷ் என்கிற உருளைக்கிழங்கு இறைச்சிப் பண்டத்தை ஒருவரும் தொடவில்லை, உப்பை இரண்டு முறை போட்டுவிட்டேனாம், என் புத்தி இப்போது அப்படித்தான் இருக்கிறது.

காரணம் உன் அப்பா. உனக்கு ஆறு வயதாயிருந்தபோது அவர் நடத்தின ஆய்வை நீ மறந்திருக்க மாட்டாய், அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததே அதுதான். பள்ளிக்கூடங்கள் வழியாக முந்நூறு வீடுகளுக்குப் பேர் போடாத படிவம் போயிற்று. போன வாரம் அப்பா பிள்ளையோடு எத்தனை மணி நேரம் இருந்தார் என்று அதில் ஒரு கேள்வி, அப்பாவே இல்லாத வீடு என்றால் 99 என்று எழுத வேண்டும். கடைசியில் என்ன முடிவு வந்தது என்றால், அப்பா எத்தனை மணி நேரம் கூட இருக்கிறார் என்பதற்கும் குடும்பத்தின் நலத்துக்கும் சம்பந்தமே இல்லையாம். அதற்குப் பிறகு நான் எப்போது கீழே அவர் வேலை செய்யும் பேஸ்மென்ட் அறைக் கதவைத் தட்டிச் சாப்பிடக் கூப்பிட்டாலும், மணிக்கணக்கு முக்கியமில்ல மார்லிஸ், என் ஆய்வே சொல்லுதே என்பார். படித்த மனிதர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நானும் தட்டை மூடி வைத்துவிட்டு வருவேன்.

ஜனவரியில் எங்கோ ஒரு பல்கலைக்கழகத்து மாணவி அந்தப் பழைய எண்களைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு எழுதியிருந்தாள், ஐயா, நாப்பத்தோரு அப்பாக்கள் மட்டும் சொல்லி வச்ச மாதிரி தொண்ணூத்தொம்பது மணி நேரம் பிள்ளைகளோட இருந்திருக்காங்களே, அது எப்படி என்று. அப்பா முகத்தில் ஈயாடவில்லை. 99 என்றால் ஆள் இல்லை, அதை விட்டுவிடு என்று கணினிக்குச் சொல்ல மறந்திருக்கிறார் நீல்ஸ். வீட்டில் இல்லாத அத்தனை அப்பாக்களும் முந்நூறு பேரில் அதிகம் கூடவே இருந்த அப்பாக்களாக ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். திருத்திப் பார்த்தால் முடிவு தலைகீழாகிறது, அப்பா கூட இருக்கிற நேரம்தான் முக்கியமாம்.

பழைய படிவங்கள் இருந்த பெட்டிகளை மேலே தூக்கி வந்து அந்த நாற்பத்தொன்றையும் ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஒரு தாளை மட்டும் என்னிடம் நீட்டி, மார்லிஸ், இது யார் போட்ட ஒம்பது என்றார். தூண்டில் மாதிரி வால் வளைந்த என் ஒன்பதை அவருக்குத் தெரியாதா, நாற்பத்தைந்து வருஷமாகக் கடைச் சீட்டில் பார்க்கிறவர். அந்தப் படிவம் உன் பள்ளிப் பையில் வந்தது. இரண்டு மணி நேரம் என்று போடவா மூன்று என்று போடவா என்று யோசித்தபடி, அப்பா எங்கடா என்று உன்னைக் கேட்டேன். நீ தலையைக்கூடத் தூக்காமல், அப்பா கீழ அப்பாக்களப் பத்தி எழுதுறாரு, சத்தம் போடாதம்மா என்றாய். 99 என்று எழுதி அனுப்பிவிட்டேன். அவரிடம் வாய் திறந்து ஒரு நாளும் கேட்கவில்லை. இல்லை என்று நான் எழுதினது தொண்ணூற்றொன்பது மணி நேரம் இருந்தார் என்றாகி, அதையே என்னிடம் திருப்பிச் சொல்லி வாயை அடைத்திருக்கிறார்.

அந்த ஆய்வுக் கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக அவரே எழுதிப் போட்டுவிட்டார், எழுபத்தொரு வயதில். பேஸ்மென்ட்டையும் பூட்டியாயிற்று. நாள் முழுக்க என் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறார், ஆனால் சாயங்காலமானால் கீழே நாற்காலி இழுபடும் சத்தம் எனக்குக் கேட்கிறது. பயந்துபோய் அவரிடம் சொன்னேன். எனக்கும் கேக்குது என்றார். பிறகு, அப்பல்லாம் கதவுக்கு வெளிய நீல்ஸ் படியில உக்காந்திருக்கிறது எனக்குத் தெரியும் மார்லிஸ், தெரிஞ்சுதான் திறக்கல என்றார்.

அனிகா பிறந்த அன்று நீ அவரிடம், வேலையெல்லாம் முடிச்சிட்டு மெதுவா வாங்க, ஒண்ணும் அவசரமில்ல என்றாயே, அதன் பிறகு வரட்டுமா என்று கேட்க அவருக்கு வாய் எழவில்லை. குழந்தையைப் பார்க்காமலே போய்விடுவோமோ என்ற பயம் அவரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இரக்கப்பட்டு, அந்த எண்ணை நான் அடித்துவிடட்டுமா என்றேன், எழுதினவங்க பதில மாத்தக் கூடாது என்று தாளைப் பிடுங்கிக்கொண்டார். நானும் மாற்றப் போவதில்லை, அது உண்மைதானே. ஆனால் தாளில் எழுதினதை முகத்துக்கு நேரே சொல்லாமல் போனது என் தப்பு. அதை நீயும் செய்யாதே. திட்டுவதானால் கூப்பிட்டுத் திட்டு, வர வேண்டாம் என்றால் அதையும் உன் வாயால் சொல்லிவிடு, அவர் தாங்கிக்கொள்வார். பேசாமல் மட்டும் இருந்துவிடாதே கண்ணா, பதில் இல்லாத இடத்தில் இந்த வீட்டில் எதையெதையோ நிரப்பிக்கொள்கிறோம்.

இப்போது மணி ஆறு. அப்பாவைக் காணோமே என்று எழுந்து போய்ப் பார்த்தேன். பேஸ்மென்ட் படிக்கட்டில், சின்ன வயதில் நீ உட்காரும் அந்தக் கடைசிப் படியில், பூட்டின கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். சாப்பிடக் கூப்பிட்டேன். சத்தம் போடாத மார்லிஸ் என்றார்.

உனக்கும் தோவாவுக்கும் குழந்தைக்கும் ஆண்டவர் எல்லா நன்மையும் தரட்டும். குழந்தையின் பிடரியை மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை ஃபோன் செய், நான் எடுக்க மாட்டேன், அவரை எடுக்கச் சொல்கிறேன்.

உன்மேல் உயிராயிருக்கும் அம்மா,
மார்லிஸ்