ஏரிக்கரைச் சைக்கிள் பாதைக்கு நான் ஆலோசகர் ஆனது

ஜனவரி 19, ஞாயிறு
குடியிருப்போர் சங்கக் கூட்டம். நம் ஏரிக்கரையைச் சுற்றி நடக்கவும் சைக்கிள் விடவும் பாதை போடப்போகிறார்களாம். படம் வரைந்து கொண்டுவந்த இன்ஜினியர் அம்மா பெயர் அபிகாயில். நல்ல பெண், ஆனால் மைக் பிடிக்கத் தெரியவில்லை. வாங்கி நான் பேசினேன். "அந்தக் காலத்துல தாம்பரத்துலேர்ந்து குன்றத்தூர் முருகன் கோயில் வரைக்கும் ஹேண்டில் பாரைத் தொடாம ஓட்டினவன் நான். மலைப்படி குறுக்க வந்ததாலதான் எறங்கினேன்!" கைதட்டல் மேடவாக்கம் வரைக்கும் கேட்டிருக்கும். உடனே என்னைப் பாதைக்கு ஆலோசகர் ஆக்கிவிட்டார்கள். சிமெண்ட் கடை நடத்துகிறவனுக்கு இதெல்லாம் சாதாரணம். இருந்தாலும் புதுச் சட்டை தைக்கக் கொடுத்தேன்.

ஜனவரி 20
எனக்குச் சைக்கிளே தெரியாது என்று யாராவது சொன்னால் அது பொய். சின்ன வயதில் அண்ணன் ஓட்டும்போது பின்னால் தள்ளிக்கொண்டே ஓடியிருக்கிறேன். பாதி ஓட்டியது நான் இல்லாமல் வேறு யார்?

பிப்ரவரி 9
கரையில் கயிறு கட்டி அளந்தார்கள். நடுவில் ஒரு வேப்பமரம். வெட்டிவிடலாம் என்றார் மேஸ்திரி பொன்னுசாமி. வேண்டாம், பாதையை வளைத்துக்கொள்ளலாம் என்றார் அபிகாயில். நான் மனதில் நினைத்ததும் அதேதான். சொல்வதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

மார்ச் 25
பாதை வாசலில் மோட்டார் பைக் நுழையாமல் இரும்புக் கம்பம் நடுகிற வேலை. அபிகாயில் இன்று வரவில்லை.

"அண்ணா, அந்தம்மா போன் எடுக்கல. கம்பத்துக்கு நடுவுல எவ்ளோ கேப் வுடறது?" என்றார் பொன்னுசாமி.

"சைக்கிள் டயர் இன்னா அகலம் கீது?"

"ரெண்டு அங்குலம் இருக்கும்ணா."

"ஒன்றரை அடி வுடு. தாராளம்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "குன்றத்தூர் வரைக்கும் ஓட்டினவன் சொல்றேன், ஊத்துய்யா காங்கிரீட்ட!" என்றேன். ஊற்றினார். நம் கடைச் சிமெண்ட். பிடித்தால் விடாது.

ஏப்ரல் 17
ஐயோ. இருபத்தாறாம் தேதி திறப்பு விழா. முதல் சைக்கிளை நான்தான் ஓட்ட வேண்டுமாம்! கவுன்சிலரே சொல்லிவிட்டார். பேனரில் என் போட்டோ அடித்தாகிவிட்டது. இப்போ போய் எப்படிச் சொல்றது? ஜல்லி வாங்க வர்றவன்கூட சிரிப்பானே — கடையில உக்கார முடியுமா?

ஏப்ரல் 21
பக்கத்து வீட்டுத் தனசிங் சாரிடம் சைக்கிள் வாங்கிக்கொண்டு, விடிவதற்குள் ஏரியின் அந்தப் பக்கம் போனேன். ரிட்டயர்ட் வாத்தியார் வைத்திருக்கும் சைக்கிள், சரியில்லை. ஒரு பக்கமாக இழுக்கிறது. திருப்பினால் மறுபக்கமாக இழுக்கிறது. கடைசியில் ஆகாயத்தாமரைக்குள் இறக்கிவிட்டது.

வீட்டில் என் மனைவி ஜெயக்கொடி கேட்டாள்: "இன்னாங்க இது, ஏரியையே வூட்டுக்குக் கொண்டாந்துட்டீங்க?"

மீன் பார்க்கப் போனேன் என்றேன்.

"பாத்தீங்களா, இல்ல அது உங்களப் பாத்துச்சா?"

ஏப்ரல் 25
முட்டியில் கட்டு போட்டுக்கொண்டேன். போட்டதும் உண்மையாகவே வலிக்கிற மாதிரிதான் இருக்கிறது. "காலையில இடது கால்லதான நொண்டுனீங்க?" என்றாள் ஜெயக்கொடி. கட்டை மாற்றிப் போட்டேன்.

ஏப்ரல் 26, சனி
மேளம், மாலை, கூட்டம். லட்சம் பேர் இருப்பார்கள், குறைத்துச் சொல்கிறேன். ரிப்பன் வெட்டியானது. "கால் வலி, ஓட்ட முடியாது" என்றேன். "சும்மா தள்ளிக்கினாவது உள்ள போங்கண்ணா, போட்டோ எடுக்கணும்" என்றார் கவுன்சிலர். தள்ளினேன். டங்! ஹேண்டில் பார் இரண்டு கம்பத்திலும் இடித்து நின்றது. பின்னால் வரிசையாக நின்ற எந்தச் சைக்கிளும் நுழையவில்லை.

அபிகாயில் டேப் வைத்து அளந்தார். "ஒன்றரை அடியா? யார் சொன்னது?" பொன்னுசாமி என்னைப் பார்த்தார். அவரைப் பார்த்து எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஏகநாதன், குன்றத்தூருக்கு ஹேண்டில் பாரே இல்லாத சைக்கிள்லயா போனீங்க?" என்றார் தனசிங் சார்.

அந்தச் சிரிப்பு. எந்தக் காலில் நொண்ட வேண்டும் என்பதே மறந்துபோனது. போச்சு, எல்லாம் போச்சு.

அப்போது ஜெயக்கொடி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். என் கையிலிருந்து சைக்கிளை வாங்கி, முன்சக்கரத்தைத் தூக்கிச் சாய்த்து, கம்பங்களுக்கு நடுவே லாகவமாக நுழைத்தாள். புடவையைச் செருகினாள். "அவருக்கு முடியல. அவருக்குப் பதிலா நான்" என்றவள் ஏறி மிதித்துப் போயே போய்விட்டாள். முழு ஏரியையும் சுற்றி வந்தாள்! இன்றைக்கு அடித்த மாதிரி விசில் என் ஜன்மத்தில் கேட்டதில்லை.

ராத்திரி கேட்டேன்: "எப்போ கத்துக்கின?"

"ஸ்கூலுக்கு அதுலதான போனேன்."

"சொல்லவே இல்லியே?"

"எங்க சொல்றது? உங்க குன்றத்தூர் கதையே இன்னும் முடியலியே."

மே 2
கம்பங்களைப் பிடுங்கி அகலமாக நட்டாகிவிட்டது. பிடுங்குவதற்குள் இரண்டு டிரில் உடைந்ததாம். கடைக்கு நல்ல விளம்பரம்.

மே 10
காலையில் காய் வாங்க ஜெயக்கொடி ஏரிக்கரை வழியாகச் சைக்கிளில் போனாள். நான் கேரியரில். எதிரே நடந்து வந்த தனசிங் சார், "என்ன ஏகநாதன், நீங்க ஓட்டலையா?" என்றார்.

ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். "எனக்கு ஓட்டத் தெரியாது சார்" என்றேன்.

ஜெயக்கொடிக்கு வந்த சிரிப்பில் சைக்கிள் கண்டபடி ஆடியது. ஊரே பார்க்க அவள் இடுப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். சர்க்கஸ்காரன்கூட அப்படிப் பிடித்திருக்க மாட்டான்.