யாருக்கு அந்த மெஷின்

பிப்ரவரி 9
அப்பா இன்னும் எக்மோவில்தான். நுரையீரல் இரண்டும் கைவிட்டுவிட்டன. ரத்தத்தை வெளியே இழுத்து, ஆக்சிஜன் ஏற்றி, அந்த மெஷின்தான் உள்ளே அனுப்புகிறது. கழுத்தில் விரல் தடிமனுக்குக் குழாய். ட்ராலிபஸ் ஓட்டிய கைகள் வீங்கிக் கிடக்கின்றன. வெளியே பிஷ்கெக் நகரம் முழுக்க நிலக்கரிப் புகை.

பிப்ரவரி 10
ஐசியூ வாசலில் புதிதாக ஒருவர். புருல் அக்கா, மலைப்பக்கம் நாரின் ஊரிலிருந்து. மகன் திலெக் கல்லூரியில் படிக்கிறான், நிமோனியா. உட்கார்ந்ததுமே எனக்கும் டீ ஊற்றினார்.

"அவனுக்கும் எக்மோதான் வேணுமாம். இருக்கறதே ஒண்ணு. யாரோ கிழவரு அதுல கெடக்காராம்." கோப்பையை என் பக்கம் தள்ளி, "உனக்கு யாரும்மா உள்ள?"

"அப்பா. கிட்னி."

ஏன் அப்படிச் சொன்னேன்? வாய் தானாகச் சொல்லிவிட்டது.

பிப்ரவரி 11
டாக்டரைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். "ஒருத்தர்கிட்டேர்ந்து பிடுங்கி இன்னொருத்தருக்குக் கொடுக்க மாட்டோம்" என்றார். அப்பாடா என்றிருந்தது. சீ, என்ன ஜென்மம் நான்! திரும்பி வந்தால் புருல் அக்கா எனக்கென்று குதிரைக் கறியும் ரொட்டியும் எடுத்து வைத்திருக்கிறார். "நேத்துலேர்ந்து நீ ஒண்ணும் திங்கல."

தின்றேன்.

பிப்ரவரி 12
ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொண்டேன். புருல் அக்கா முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பிப்ரவரி 14
அப்பா தேறிவிட்டார்! காலையில் எக்மோவை எடுத்துவிட்டார்கள். மதியம் அது திலெக்குக்குப் போனது. ஓடி வந்தேன். புருல் அக்கா தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்.

"அந்தக் கிழவரு போயிட்டாரு போல. சீக்கிரம் போகட்டும்னு அல்லாகிட்ட கேட்டேன்டி. பாவி நான்! இனிமே எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுத் தொழுவேன்?"

நானும் தரையில் உட்கார்ந்தேன்.

"அவரு சாகலக்கா. அவருதான் எங்கப்பா. உங்ககிட்ட பொய் சொன்னேன்."

அறைவார் என்றுதான் நினைத்தேன். அறைந்திருந்தால் தேவலை. கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "பேசறாரா?" என்று மட்டும் கேட்டார்.

பிப்ரவரி 17
அப்பாவை வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். திலெக்கிடம் இன்னும் மாற்றம் தெரியவில்லை. அதனால் ஐசியூ வாசலுக்குத்தான் போகிறேன்.

இன்று ஓஷ் நகரிலிருந்து ஒரு பையன் வந்திருந்தான். பிரசவித்த மனைவிக்கு நுரையீரலில் தொற்று. "மெஷின் காலியா இல்லியாம்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னான். "யாரு அதுல கெடக்காங்களோ..."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

புருல் அக்கா எழுந்து போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என் பையன்தான், தம்பி" என்றார்.