வலது பக்கம் வீசும் வலை

ஷைனி அப்பாவுக்கு,

இறால் தொக்கு மூடி வைத்திருக்கிறேன், சோறு குக்கரில். நான் சிறுவர் முகாம் பசங்களுக்கு விளையாட்டு சொல்லிக்கொடுக்க மறுபடி சர்ச்சுக்குப் போகிறேன்.

ஆண்டவர் பேதுருவிடம் சொன்னதுபோல, படகின் வலது பக்கம் வலை வீசும் அணிக்கே விளையாட்டில் வெற்றி என்று உங்களிடம் சொன்னேன். "எதிர்காத்து அடிச்சா இன்னா பண்ணுவே?" என்று நேற்று சிரித்தீர்கள். வேதத்தைக் கேலி செய்வதாகக் கோபித்துக்கொண்டேன். இன்று காலை பசங்களும், "வலை நம்ம தலைமேலயே விழும் டீச்சர்!" என்றார்கள். சாயங்காலம் பேதுருவையே கூட்டி வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

காற்றை அறிந்த பேதுரு அப்படியும் ஏன் வீசினார் என்று, தினமும் கடலில் வலை வீசும் நீங்கள் சொன்னால்தான் நம்புவார்கள். சாயங்காலம் முகாமுக்குப் பேதுருவாக வந்து நில்லுங்கள்.

எஸ்தர்

பி.கு. பேதுருவுக்குப் பொண்டாட்டி யாரென்று பசங்கள் கேட்டார்கள். நான்தான் என்று சொல்லிவிட்டேன். வராமல் இருந்து மானத்தை வாங்காதீர்கள்.