நிலாச்சோற்றில் உன் பங்கு

முத்தியால்பேட்டை, புதுச்சேரி
1955, சித்ரா பௌர்ணமிக்கு மறுநாள்

சைகோனில் இருக்கும் மகள் அஞ்சலாட்சிக்கு, அம்மா செல்வாம்பாள் ஆசீர்வாதத்தோடு எழுதுவது.

நேற்று ராத்திரி கடற்கரைக்குப் போனவர்கள் உன் தம்பி வடிவேல், அவன் பெண்சாதி தனக்கொடி, அவர்கள் மகள் வேம்பு, நான், அப்புறம் உன் அப்பா. அவர் பெயரைச் சொல்ல எனக்கு வாய் வராது, உனக்குத் தெரியும்.

நீ கப்பலேறிய பாலத்தைப் புயல் கொண்டுபோய்விட்டது. மிச்ச இரும்புத் தூண்கள் மட்டும் இடுப்பளவுத் தண்ணீரில் யாருக்கோ காத்திருக்கிற ஆட்கள் மாதிரி நிற்கின்றன. மில்லில் வெளுத்த துணியை உதறிப் போட்டதுபோல அலை வந்து வந்து விரிந்தது. நிலா வெளிச்சம் கரையிலிருந்து கடல்கோடி வரைக்கும் பாதை போட்டிருந்தது. "ஆயா, அதுமேல நடந்தா அத்தை வூட்டுக்குப் போயிடலாமா?" என்றாள் வேம்பு. "போலாம்டி, பாவாடையைத் தூக்கிக்கோ" என்றேன்.

புளிச்சோறும் தயிர்ச்சோறும் உருட்டி எல்லார் கையிலும் வைத்தேன். சட்டி காலியாகிற நேரம் உன் அப்பா யாரையும் பார்க்காமல், "அஞ்சலைக்கு எடுத்து வச்சியா?" என்றுவிட்டார். எட்டு வருஷமாக அவர் வாயில் வராத பெயர். தனக்கொடியின் கை அப்படியே நின்றது. ஒரு உருண்டை பிடித்து அவரிடமே கொடுத்தேன். வேட்டி நனைய அலையில் நெடுநேரம் நின்றார். திரும்பியபோது கையில் சோறு இல்லை. தின்றாரா, கடலில் விட்டாரா, நான் கேட்கவில்லை. வரும் வழியில், "வரச் சொல்லி எழுது. மாப்பிள்ளையையும்தான்" என்றார். எழுதிவிட்டேன்.

இனி என் பேச்சு. அம்மா வருவாள் என்று பாலத்தில் நின்று திரும்பித் திரும்பிப் பார்த்தாயாம், வடிவேல் சொன்னான். இஷ்டத்துக்குப் பிரெஞ்சுப் பட்டாளத்துச் சொல்தாவைக் கட்டிக்கொண்டவளை வழியனுப்பக் கூடாதென்று உன் அப்பா என்னை உள்ளே வைத்துப் பூட்டி, சாவியை மில்லுக்குக் கொண்டுபோய்விட்டார். உனக்குச் சுட்ட அதிரசம் என் மடியில் இருந்தது. கப்பல் மூன்று தரம் ஊதியது. புருஷனை விட்டுக்கொடுத்து எழுத இத்தனை நாள் கை வரவில்லை.

அடுத்த சித்திரைக்குள் பிள்ளைகளோடு வா. அப்பா காலில் விழு. அவர் அழுவார், நீயும் அழு, உன் மனசு ஆறட்டும். மகராசியாக இரு. நான் அவருக்குச் சோறு போடுவேன், கடற்கரைக்கும் கூடப் போவேன். ஆனால் வாயால் சொல்லாத பெயரை இங்கே எழுதி வைக்கிறேன். நான் மன்னிக்காத ஒரே ஆள் தணிகாசலம்.