மிளகுக்குட்டியும் என் செருப்பும்

14-6-2025, காலை 7 மணி

ஆனந்தி,

நாயைப் பார்வோ என்னும் தொற்றுநோய்க்குப் பறிகொடுத்த சதீஷிடம் துக்கம் விசாரித்துத் திரும்பிய என்னை நேற்று வாசலில் நிறுத்தி, "ஏனுங்க, தலைக்குத் தண்ணி ஊத்தீட்டு ஊட்டுக்குள்ள வாங்க" என்று தெருவே கேட்கும்படி சொன்னாய். ஓய்வுபெற்ற தலைமையாசிரியனுக்கு அது அவமானம்.

ஆயினும் கால்நடை மருத்துவரைப் போனில் கேட்டேன். கிருமி செருப்பிலும் ஒட்டி வருமாம். நானோ குளித்துவிட்டு, செருப்பை நம் நாய்க்குட்டி மிளகுக்குட்டி படுக்கும் சாக்கருகே வைத்தேன். சாக்கை எரித்துவிட்டேன், செருப்பு பிளீச்சிங் பவுடர் நீரில் ஊறுகிறது. வராந்தாவையும் அந்நீரால் கழுவு. இட்லி அடுப்பின்மேல் உள்ளது.

மூன்றாம் தடுப்பூசி பற்றிக் கேட்க மிருக ஆஸ்பத்திரிக்குச் செல்கிறேன்.

பி.கு.: குட்டி பால் குடித்தது, வாந்தி இல்லை. எடுத்தால் உடனே அழை.

மறந்துவிட்டேன்: ஆஸ்பத்திரிக்கு நோயுற்ற நாய்களும் வரும். திரும்பும்போது நான் எவ்வளவு சினந்தாலும், என்னை வாசலிலேயே நிறுத்து.